தொப்புள் உள்ள கோலி

முப்பது வயதைத் தாண்டி, மீசையில் வெள்ளை எட்டிப் பார்த்த பிறகும் கோலிக்குண்டு சேர்த்த முட்டாள் நான். ஆடுவதற்காகச் சேர்த்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். எனக்கு ஆடவும் வராது. தோற்றவன் கைமுட்டியாலேயே கோலியைக் குழிவரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பது ஒடுகத்தூர்ப் பையன்களின் சட்டம். அந்தச் சட்டத்தை எனக்காகவே போட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்குத் தெருவெல்லாம் முட்டி தேயத் தள்ளியிருக்கிறேன். வளர்ந்த பிறகு கோலிகளைத் தகரப்பெட்டியில் பஞ்சு பரப்பி அடுக்கி வைத்து, சாயங்கால வெயிலில் ஒவ்வொன்றாக எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். என் அண்ணன் ஒருநாள் அதை வாசலில் நின்று கவனித்துவிட்டுச் சொன்னார்:

"கல்யாணம் பண்ணிக்கினு ஒரு புள்ளய பெத்திருந்தா அது ஆடும். இவரு நேரா அந்த வேலைக்கே வந்துட்டாரு."

தொழில் வளையல் வியாபாரம். சந்தை நாளில் ஒடுகத்தூரில் கடை விரிப்பேன். மற்ற நாட்களில் வளையல்களைக் கொத்துக் கொத்தாக, எங்கள் பேச்சில் மலாரம் மலாரமாக, கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜவ்வாது மலை ஏறுவேன். பகலெல்லாம் பெண்களின் கையைப் பிடித்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தனியாக அடுப்பூதிச் சோறாக்கித் தின்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் என்று மலைப் பெண்கள் கேலி பேசுவார்கள். பதிலுக்கு நானும் பேசுவேன். வாய்தான் என் முதல். சரக்கு அதற்கப்புறம்.

கண்ணாடிச் சரக்கோடு புழங்குகிறவனுக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடிப்பது பெரிய அதிசயம் இல்லை. மணியும் வளையலும் வாங்க நான் சித்தூருக்கு அப்பால் ஒரு சூளைக்குப் போவதுண்டு. அங்கேதான் முதல்முதலாகக் கையால் கோலி செய்வதைப் பார்த்தேன். கண்ணாடிக் குச்சிக்குள்ளே வண்ண இழைகளை வைத்து, நெருப்பில் காட்டி முறுக்கி, நுனி உருண்டு வந்ததும் கத்தரியால் நறுக்கிவிடுவார்கள். நறுக்கிய இடத்தில் சின்னதாக ஒரு சொரசொரப்பு நின்றுவிடும். நான் அதற்குத் தொப்புள் என்று பெயர் வைத்தேன். மிஷினில் பிறந்த கோலிக்குத் தொப்புள் கிடையாது. கையால் பிறந்ததற்கு உண்டு. பழைய கோலி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கண்ணால் பார்க்கமாட்டேன். கட்டைவிரலால் உருட்டித் தொப்புளைத் தேடுவேன். அது தட்டுப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

அப்படி வேலூர் பழைய சாமான் கடைகளிலும், அமிர்தி பக்கம் இடிந்துகிடந்த ஒரு பங்களாவின் குப்பையிலும், படவேட்டுத் திருவிழாவில் ஒரு கிழவரின் வெற்றிலைப் பையிலுமாகப் பொறுக்கிச் சேர்த்தேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்த கோலி இருந்தது மலைமேல், ஒரு சாமியிடம்.

மலையில் நான் வழக்கமாகப் போகும் ஊர்களில் ஒன்று அது. சாமை விளையும், புளி விளையும், மாசி பங்குனியில் புளி ஏற்றக் கீழே இருந்து லாரி வரும். அந்த ஊரில் யாராவது தப்பு செய்தால் ஊரை விட்டு விலக்கி வைப்பார்கள். நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, யார் வீட்டுப் படியும் மிதிக்கக்கூடாது. விலக்கி வைத்தவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா என்பதை ஊர்க்கவுண்டரும் சொல்லமுடியாது, பூசாரியும் சொல்லமுடியாது. காளியாத்தாளைக் கேட்கவேண்டும். மற்ற ஊர்களில் இலையில் பூவை மடித்துப் போட்டுக் கேட்பார்கள். இங்கே இரண்டு கோலி. ஒன்று பால் வெள்ளை, ஒன்று சிவப்பு. வாய் குறுகிய மண் கலயத்தில் இரண்டையும் போட்டுக் கவுண்டர் குலுக்குவார். பூசாரி குளித்து, ஈர வேட்டியோடு வந்து, கையை விட்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் முடிந்தது. ஒரு ஆளுக்கு ஒருமுறைதான் கேட்கலாம். மறுமுறை கேட்டால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அந்தக் கோலிகள் எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது. காட்டை அளக்க வந்த ஒரு துரை கொடுத்தான் என்பார்கள். இடி விழுந்த இடத்தில் கிடந்தது என்பவர்களும் உண்டு.

அந்த ஊர் ஆத்தாளுக்கு இரக்க மனசு என்று மலை முழுக்கப் பேர். நான் முதலில் பார்த்தது கவுண்டரின் மச்சானுடைய வழக்கு. அந்த ஆள் குடித்துவிட்டுக் கவுண்டரைச் செருப்பால் அடித்தவர். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெள்ளை வந்தது. கவுண்டர் முகம் போன போக்கை நான் சிரிக்காமல் பார்த்ததற்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்கவேண்டும். அடுத்த வருஷம் இன்னொரு ஆள். பக்கத்துக் காட்டுக்காரனின் சாமைப் போருக்குத் தீ வைத்துவிட்டு, கடைசிவரை ஒரு வார்த்தை வருந்தாதவன். அவனுக்குச் சிவப்பு. ஆத்தாளுக்கு எல்லாம் தெரியும் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் என் கண் ஆத்தாள்மேல் இல்லை, அந்தச் சிவப்புக் கோலிமேல் இருந்தது.

கவுண்டர் வீட்டு மூங்கில் குழாய்க்குள்தான் கோலிகள் இருக்கும். ஒருநாள் அவர் மனைவிக்கு வளையல் போட்டுவிட்ட சாக்கில் இரண்டையும் கையில் வாங்கி, முதலில் சிவப்பைப் பார்த்தேன். தெளிந்த கண்ணாடிக்குள் முடி அளவு சிவப்பு இழைகள், ஒன்றை ஒன்று தொடாமல் முறுக்கிக்கொண்டு போயின. நடுவில் புகை மாதிரி ஒரு வெள்ளை. கட்டைவிரலை உருட்டினேன். தொப்புள், அதுவும் அழுத்தமாக. வெள்ளைக் கோலி வழவழவென்று இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிவப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த ஊருக்கு வளையல் விற்கப் போனேன் என்று சொன்னால் என் வளையல்களே நம்பாது. போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பைத் தரச்சொல்லிக் கவுண்டரிடம் கேட்பேன். அவர் சிரித்துத் தட்டிக்கழிப்பார். ஆனால் அந்தச் சாமைப்போர் வழக்கில் ஒரு சங்கடம் நடந்திருந்தது. பொழுது மங்கின நேரம். பூசாரி தூக்கிக் காட்டிய கோலி சிவப்பா வெள்ளையா என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. இழை அவ்வளவு சன்னம். வெள்ளைதான் வந்தது, மறைத்துவிட்டார்கள் என்று தீ வைத்தவனின் பங்காளிகள் கைகலப்புக்கே வந்துவிட்டார்கள். அது கவுண்டர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

"இது செவப்பான்னு கேட்டா நானே ஒரு நிமிசம் யோசிக்கணும்," என்றார் ஒருநாள். "ரத்தம் மாதிரி ஒண்ணு கொண்டாங்க வளையக்காரரே. அதே அளவா இருக்கணும். பாக்கலாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சூளைக்குப் போய் உட்கார்ந்து, உள்ளே இழைகூடத் தெரியாத அளவுக்கு அடர்ந்த சிவப்பில் ஒன்று செய்யச் சொன்னேன். அளவு பிசகி இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்று அமைந்தது. சூளைக்காரர் நறுக்கிக் கையில் போட்டார். அதற்கும் தொப்புள் இருந்தது.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. சாமிக்குப் போகிற பொருளாயிற்றே, தழும்போடு கொடுக்கலாமா? வீட்டுக்கு வந்து, சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, நாள் கணக்காகத் தேய்த்தேன். பிறகு சாம்பல் போட்டுத் துணியில் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி வழவழப்பு வந்துவிட்டது. யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல், என் வாழ்நாளில் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறு கிடையாது. பழைய கோலியின் தொப்புளுக்காக உயிரை விட்டவன், புதுசின் தொப்புளைத் தேய்த்து அழித்தேன். இதை நான் விளக்கப் போவதில்லை. எனக்கே விளங்கவில்லை.

கவுண்டர் புதுசை வாங்கி வெயிலில் பார்த்தார். மனைவியைத் தூர நிற்க வைத்துத் தூக்கிக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டார். அந்த அம்மாள் சிவப்பு என்றதும் பழசை என் கையில் போட்டார். பூசாரியிடம் சொல்லவேண்டாமா என்று கேட்டதற்கு, அவர் குளித்துவிட்டு வரும் நாளில்தான் இதைத் தொடுவார், மற்ற நாளில் இதற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்றார். பூசாரியை எனக்கு நன்றாகத் தெரியும். அதிகம் பேசமாட்டார். புளிய மரம் ஏறி உலுக்குகிற வேலை. என் நகைச்சுவைக்கு மலையில் சிரிக்காத ஒரே ஆள்.

பழைய சிவப்பைப் பெட்டியில் வைக்கக்கூட மனம் வரவில்லை. சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் மாசியில், புளி லாரி வந்து போகும் காலத்தில், ஒரு பெண் மலைக்குத் திரும்பி வந்தாள். அதற்கு முந்தின வருஷம் அதே லாரியில் கிளீனராக வந்தவனோடு இறங்கிப் போனவள். கீழே எங்கோ கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு அவன் காணாமல் போய்விட்டான். ஊர் அவளை உள்ளே விடவில்லை. ஊருக்கு வெளியே, காவலுக்குப் போட்ட ஒரு காட்டுக் கொட்டாயில் இருந்தாள். வீட்டில் அவளுடைய அம்மா மட்டும். அந்த அம்மாவுக்குக் கண்ணில் திரை விழுந்து பகலும் இருட்டும் ஒன்றாகிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் களியோ கஞ்சியோ கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

மகள் வீட்டுக்குப் போகக்கூடாது, அம்மா கொட்டாய்க்குப் போகக்கூடாது. ஆனால் குரலுக்கு விலக்கு இல்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து கத்துவாள், மகள் கொட்டாயிலிருந்து கத்துவாள். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா, அடுப்பு பக்கம் போகாதே. ஊருக்கே கேட்கும். யாரும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

நான் கீழ்நாட்டுக்காரன், எனக்கு அந்த விலக்கு பொருந்தாது. கொட்டாய்க்குப் போனேன். அவள் கை வெறுமையாக இருந்தது. சும்மா இருக்கமுடியாத என் வாய், லாரிக்காரன் வாங்கிக் கொடுத்த வளையல் என்ன ஆயிற்று என்று கேட்டது.

"அதுவும் அவன மாதிரிதான்," என்றாள். "மல எறங்கறதுக்குள்ள ஒடஞ்சிட்ச்சு."

அவளே சிரித்தாள். அதனால் நானும் சிரிக்கலாம் என்று ஆயிற்று. பிறகு சொன்னாள்:

"வளையக்காரண்ணா, பச்ச வளைய எனக்குன்னு எடுத்து வைங்க. வர்ற வெள்ளிக்கிழம ஆத்தாள கேக்கறாங்க. எங்கம்மாக்கு என் மூஞ்சி தெரியாது. வளைய சத்தம் கேட்டாதான் நான் வூட்டுக்குள்ள வந்துட்டேன்னு நம்பும்."

"செவப்பு வந்துட்டா?" என்றேன், விளையாட்டுக்கு.

"இந்த ஊர் ஆத்தாவா? போங்கண்ணா."

எனக்கும் சந்தேகமே இல்லை. செருப்பால் அடித்தவனை மன்னித்த சாமி, ஏமாந்து வந்தவளையா தள்ளும்? பச்சையில் நல்லதாகப் பொறுக்கித் தனியே நூலில் கட்டி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மலை ஏறினேன். உண்மையைச் சொன்னால், என் சிவப்புக் கோலி முதல்முறையாகச் சபை ஏறுவதைப் பார்க்கிற ஆசையும் கலந்திருந்தது.

காலையிலிருந்து பனி விலகவில்லை. ஆத்தா கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. அவள் தூரத்தில் ஒரு பாறையோரம் நின்றாள். கவுண்டர் இரண்டு கோலியையும் உயர்த்திக் காட்டினார். புதுச் சிவப்பைப் பார்த்துப் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. யாரோ நல்லா தெரியுது என்றார்கள். நான் மாப்பிள்ளையின் அப்பன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். பூசாரி அப்போதுதான் ஓடையில் முழுகிவிட்டு வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் கோலிகள் கலயத்துக்குள் விழுந்துவிட்டன. கவுண்டர் குலுக்கினார்.

பூசாரி கண்ணை மூடி, கையை உள்ளே விட்டார். எப்போதும் விட்ட வேகத்தில் எடுத்துவிடுவார். அன்று கை வெளியே வரவில்லை. ஆத்தாள் யோசிக்கிறாள் என்று பக்கத்தில் ஒரு பெண் கிசுகிசுத்தாள். கலயத்துக்குள் கோலிகள் உரசும் சத்தம் கேட்டது. ஒன்றை உருட்டினார். மற்றதை உருட்டினார். மறுபடி முதலாவதை. அவர் முன்கையில் நரம்பு அசைவது தெரிந்தது. அந்த அசைவு எனக்குப் பழக்கமான அசைவு. என் கை அதே நேரத்தில் என் சட்டைப் பைக்குள் இருந்தது. என் கட்டைவிரல், எந்த வேலையும் இல்லாதபோது போய் நிற்கும் இடத்தில், பழைய கோலியின் தொப்புள்மேல் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அந்த ஊர் ஆத்தாளின் இரக்கம் எதில் இருந்தது என்று. சொரசொரப்பாக இருந்தால் சிவப்பு, வழவழப்பாக இருந்தால் வெள்ளை. இப்போது உள்ளே இருப்பது இரண்டும் வழவழப்பு. தேய்த்தவன் நான்.

வாயைத் திறந்திருக்கலாம். வாய்தான் என் முதல் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் என்ன சொல்வது? நிறுத்துங்கள், பூசாரிக்கு விரலில் அடையாளம் தெரியவில்லை என்றா? அப்படிச் சொன்னால் செருப்பால் அடித்த மச்சான் மறுபடி விலக்கு, அவனுக்கு முன்னால் வெள்ளை கிடைத்த அத்தனை பேரும் விலக்கு, பூசாரியை மரத்தில் கட்டி வைத்திருப்பார்கள். வாழ்நாளில் பேசவேண்டிய ஒரு இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

பூசாரி கண்ணைத் திறந்தார். கண்ணைத் திறந்துகொண்டே எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். கையை வெளியே இழுத்து, விரித்தார்.

நல்ல சிவப்பு. கடைசி ஆளுக்கும் தெரிந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. கவுண்டர்கூடத் துண்டை உதறிக்கொண்டே நின்றார். அவரும் வெள்ளையைத்தான் எதிர்பார்த்திருந்தார். மேலே வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் கால் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது.

"இன்னாடி வந்துச்சு?"

மகள்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"செவப்பும்மா."

ஊரே அம்மாவின் பதிலுக்காக நின்றது. பிறகு, வழக்கமாகக் கத்தும் அதே குரலில், "செரி. கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டாள்.

பச்சை வளையல்களை அவளிடம் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நான் என்னவோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. நல்லதாக இருந்திருக்காது.

அடுத்த முறை போனபோது கொட்டாயில் ஆள் இல்லை. காப்பித் தோட்டக் கூலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போன கூட்டத்தோடு மைசூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அம்மா வாசலில் கொட்டாய் இருக்கும் திசைக்கு முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். என் வளையல் சத்தம் கேட்டு அவள் எழுந்து நின்றுவிட்டாள். நான் வளையல்காரன்தான் என்று சொல்லவேண்டியதாயிற்று. மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு அந்த வாசலைக் கடக்கும்போது மலாரங்களைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு போகப் பழகினேன்.

அவள் போய்விட்ட செய்தி கேட்ட அன்றைக்கே பூசாரியைத் தேடிப் போனேன். மரத்தடியில் தனியாக உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் குந்தினேன். சட்டைப் பையிலிருந்து பழைய கோலியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கவுண்டரிடம் நான் பேசுகிறேன், புதுசு விரிசல் விட்டுவிட்டது என்று எதையாவது சொல்லிப் பழசையே கலயத்தில் போடச் செய்கிறேன், அவளைத் தேடிக் கூட்டி வருகிறேன், ஊர் வழக்கத்தை ஒரே ஒருமுறை தளர்த்தி மறுபடி கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். என் ஆயுளில் ஒரு கேலியும் கலக்காமல் அத்தனை நீளம் நான் பேசியது அதுதான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கோலியை எடுத்தார். பார்க்கவில்லை. கட்டைவிரல் தானாக உருண்டு போய்த் தொப்புளில் நின்றது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார்.

"இந்த வாட்டி ஆத்தாளே எடுத்துட்டா."